மூடி திறந்த பிறகு

பிரணவன் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைச் சிவபாக்கியம் கையால் தொடவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டு வாசலில், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, மருமகன் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"உங்கட வீட்டுச் சாமான் ஒண்டும் இனி என்ர பிள்ளையின்ர வாய்க்குள்ள போகாது. கொண்டு போங்கோ."

"மாமி, இது சோறு. சுபத்திரா சமைச்சது."

"முந்தியும் உடம்புக்கு நல்லது எண்டுதானே குடுத்தனீங்கள்."

சுபத்திரா இருவருக்கும் நடுவில் நின்றாள். ஒரு பக்கம் பெற்றவள், மறுபக்கம் கட்டினவன். விடிய எழும்பித் தம்பிக்கென்று குழையக் காய்ச்சிய சோறு அந்தப் பெட்டியில் இருந்தது. கையை நீட்டி அவளாவது வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பிரணவன் மாமியைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பெட்டியை வாசலோர வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

உள்ளே ஏழாம் கட்டிலில் அவள் தம்பி நிதர்சன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். இருபத்துநாலு வயது. நானாட்டான் வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். போன சிறுபோகத்தில் நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடினவன், இப்போது கட்டிலில் எழும்பி இருப்பதற்கே கம்பியைப் பிடித்தான். வயிற்றைப் பிசைந்து முறுக்கும் வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல், வெளுத்துப்போன முகம். வாயுவென்று ஒருவர் சொல்ல, கண்ணூறு என்று இன்னொருவர் சொல்ல, மூன்று மாதம் போய்விட்டது. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அங்கிருந்த இளம் டொக்டர்தான் அவனுடைய உதட்டைத் தூக்கிப் பல்முரசில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துவிட்டு இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினாள். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்று முடிவு வந்தது.

பழைய பெயின்ற் சுரண்டினீரா, பற்றறி உடைத்து உருக்கினீரா, நாட்டு மருந்து ஏதும் குடித்தீரா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். வேறு என்ன குடிக்கிறீர் என்று கேட்டபோது, அத்தானின் ஜிம்மில் வாங்கும், தசை ஏறக் குடிக்கிற கிரியேட்டின் மா என்றான். அந்த ஒரு பதிலோடு இரண்டு குடும்பமும் எரியத் தொடங்கியது.

"மருந்து குடுக்கிறம்," என்றாள் டொக்டர். "ஆனா முதல் மருந்து, அது வாற வழியை அடைக்கிறதுதான். வழியைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பினா இவர் திரும்பி வருவார். அடுத்த முறை இப்பிடி வந்து கதைக்க மாட்டார்."

பிரணவனுக்கு முருங்கன் சந்தியில் ஜிம். கண்ணாடிகளுக்கு நடுவில் தசை புடைத்தவர்களின் படம் ஒன்றும் அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக, தான் வாங்கி விற்கும் ஒவ்வொரு கிரியேட்டின் டின்னுக்கும் உரிய பரிசோதனைப் பத்திரத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஒட்டியிருப்பான். ஈயம், ஆர்செனிக், கட்மியம், பாதரசம் என்று நாலு உலோகம், எது எவ்வளவு என்று இலக்கத்தோடு இருக்கும். பத்திரம் இல்லாத டின்னைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டான். "அண்ணை, இது ஜிம்மோ அரசாங்கக் கச்சேரியோ?" என்று ஜிம்முக்கு வரும் பெடியள் நக்கலடிப்பார்கள். வாயில் போடுவதை வாசித்துவிட்டுப் போடுங்கோடா என்பான்.

சுபத்திராவுக்கு அவனைப் பிடித்ததே அந்தப் பழக்கத்தால்தான். காதலித்த காலத்தில் கடையில் யோகட் வாங்கினால்கூட மூடியைத் திருப்பித் திகதி பார்த்துவிட்டுத்தான் அவளிடம் நீட்டுவான். இப்படி ஒருத்தன் கையில் இருந்து வாழ்நாள் முழுவதும் வாங்கிச் சாப்பிடலாம் என்று அவள் நினைத்தாள். சிவபாக்கியம் ஒரு வாத்தியாரைப் பார்த்து வைத்திருந்தாள். இரும்பு தூக்குகிறவனுக்குப் பிள்ளையைக் கொடுப்பதா என்று அவள் கேட்ட கேள்வி, கல்யாணம் முடிந்து ஆறு வருடமாகியும் அடம்பனில் உள்ள தாய்வீட்டில் அப்படியே இருந்தது.

டின் முழுவதையும் ஒரேயடியாக வாங்க எல்லாராலும் முடியாது. வயல் கூலிக்குப் போகிறவர்களும் மூட்டை ஏற்றுகிறவர்களும் கிழமைக்கு ஒரு சின்னப் பைக்கற் கேட்டார்கள். அதனால் டின்னை வீட்டில் உடைத்துப் பைக்கற் கட்டுவது வழக்கமானது. அது சுபத்திராவின் வேலை. மாரி தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. திறந்த மா ஈரக்காற்றுப் பட்டுக் கல்லுக்கல்லாகக் கட்டியது. பழைய சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உரலில் இடித்துப் பார்த்தாள், மிளகாய் மணத்தது. சின்ன டிரம் ஒன்றில் மாவோடு பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிப் போளைகளைப் போட்டு உருட்டினாள், கட்டி உடைந்தது. ஆனால் ஒரு போளையும் உடைந்து, பைக்கற்றைச் சோதித்த பிரணவனின் விரலில் கண்ணாடித் தூள் குத்தியது. அந்த முறை கட்டியது அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தான். ஆக்களின் வாய்க்குள் கண்ணாடி போயிருந்தால் என்ன செய்வாய் என்று கத்தினான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நிதர்சன் குளத்தில் மீன் பிடித்த வீச்சுவலை கிழிந்துபோய் அவள் வீட்டில் கிடந்தது. பாதியைப் பாகற்பந்தலுக்கு மேல் குருவிக்காக விரித்திருந்தாள். மற்றப் பாதியின் விளிம்பில் இருந்த குண்டுகளை வெட்டி எடுத்தாள். பாரமானவை, உருண்டையானவை, உடையாதவை. சேறு போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிநீரில் அவித்து, சுளகில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாள். பின்னேரத்தில் தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டு, கதிரையில் இருந்தபடி காலால் டிரம்மை முன்னும் பின்னும் உருட்டுவாள். மா பூப்போல வந்தது. டிரம்மின் வாயில் சல்லடைத் துணி கட்டி மாவை மட்டும் சரித்து எடுப்பாள், குண்டுகள் உள்ளேயே கிடக்கும்.

"என்ன செய்தனீ? புது டின் மாதிரி இருக்கு," என்று பிரணவன் கேட்டபோது, அது தொழில் இரகசியம் என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். மூட்டை ஏற்றும் டிலான் மட்டும் மா கொஞ்சம் சாம்பலாக இருக்கிறது என்றான். மழைக்கால வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். தம்பியின் பைக்கற்றை மட்டும் எப்போதும் வாய்முட்ட நிரப்பினாள்.

டொக்டர் ஈயம் என்றபோது சுபத்திராவுக்கு அந்தக் குண்டுகள் நினைவுக்கே வரவில்லை. அவை அவித்துக் காயவைத்த சுத்தமான சாமான்கள். நஞ்சென்றால் அவளுக்கு அது தூரத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருந்து வருவது. தொலைபேசியில் தேடிப் பார்த்தபோதும் மலிவு மாக்களைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

சிவபாக்கியம் முறைப்பாடு கொடுத்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அமிர்தநாயகம் வந்து ஜிம்மைப் பூட்டினார். பிரணவன் ஒளிக்கவோ மன்றாடவோ இல்லை. ஒரே தொகுதி இலக்கத்தில் உடைக்காத டின் ஒன்றும் கட்டிய பைக்கற் ஒன்றும் தானே எடுத்து மேசையில் வைத்து, இரண்டையும் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொன்னான். பரிசோதகர் கடதாசி ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"பத்திரம் வரும்," என்றான் மாமியைப் பார்த்து. "வந்த பிறகு நீங்கள் என்ர ஜிம் வாசலில நிண்டு பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்ல வேணும்."

"வந்த பிறகு நீங்கள் எங்க நிப்பியள் எண்டு பாப்பம்," என்றாள் அவள்.

பன்னிரண்டு நாள். வீட்டில் இருவரும் ஒரே பானையில் சாப்பிட்டார்கள், வேறு வேறு நேரத்தில். அவன் விறாந்தையில் படுத்தான். ஒரு காலையில் அவள் பார்க்க வேண்டுமென்றே தன்னுடைய டின்னைத் திறந்து, ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கோப்பையை ஓங்கி வைத்தான். தானும் இதைத்தான் இரண்டு வருடமாகக் குடிப்பதாகச் சொல்லி, தனக்கு ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டான்.  அவளுக்கு அவன் மீது இருந்த கோபம் கூடியது, அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அமிர்தநாயகம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. உடைக்காத டின்னில் நாலு உலோகமும் வரம்புக்குள். பைக்கற்றில் மூன்று வரம்புக்குள், ஈயம் மட்டும் வரம்பைப்போல் பல மடங்கு.

"தம்பி, டின் சுத்தம்," என்றார். "பைக்கற்றிலதான் பிழை. டின்னுக்கும் பைக்கற்றுக்கும் இடையில இருக்கிறது உங்கட வீடு மட்டும்தான். நாளைக்கு ஒன்பது மணிக்குச் சுகாதாரக் கந்தோருக்கு வாங்கோ."

பிரணவன் அந்தக் கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். தன்னை விடுவிக்கும் என்று அவன் நம்பி அனுப்பிய பரிசோதனை அவன் கழுத்திலேயே கயிறு போட்டிருந்தது. அவர் போய் வாசல் படலையைச் சாத்தும் சத்தம் கேட்டதும் சுபத்திரா சொன்னாள்:

"நீங்கள் டின்னில இருந்து குடிக்கிறீங்கள். என்ர தம்பிக்குப் பைக்கற். இப்பதான் விளங்குது."

"என்ன விளங்குது?"

"நிறை காட்ட என்னத்தைக் கலந்தனீங்கள்?"

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

"பைக்கற் கட்டுறது நீ," என்றான் பிறகு. "பரிசோதகர் அந்தக் கடதாசியைத் தந்த நேரத்தில இருந்து நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டனானோ? ஒரு வார்த்தை? நீ கேட்டிட்டாய்."

"பழியை என்ர தலையில கட்டப் பாக்கிறியளோ?"

"போ. நாளைக்கு வந்து உன்ர அம்மாவோட சேர்ந்து நிண்டு சொல்லு. அதுக்குப் பிறகு இந்தப் படலைக்குள்ள வராதை."

அவள் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, காலையில் கந்தோருக்கு வந்து சாட்சி சொல்வதாகவும் அப்படியே அடம்பனுக்கு வந்துவிடுவதாகவும் சொன்னாள். உடுப்புப் பெட்டியை அலுமாரியின் மேலிருந்து இறக்கினாள்.

மறுநாள் அவன் எட்டு மணிக்கே புறப்பட்டுப் போய்விட்டான். ஓட்டோ வரும்வரை அவளுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மா கலந்த டிரம்மையும் சான்றாகக் கொண்டுபோவது நல்லது என்று பட்டது. அவன் கலந்த ஏதோ ஒன்று அதன் அடியில் ஒட்டியிருக்கக்கூடும். மூடியைத் திருகித் திறந்து சுளகில் கவிழ்த்தாள்.

குண்டுகள் உருண்டு விழுந்தன. வெயில் பட்டு அவை மினுங்கின, கடையில் புதிதாக வாங்கிய வெள்ளிச் சலங்கை மணிகளைப்போல. எவ்வளவு வடிவு என்றுதான் அவள் மனம் முதலில் நினைத்தது. பிறகு, போடும்போது இவை இந்த நிறமில்லையே என்று நினைத்தது. அவள் வெட்டி எடுத்தபோது அவை குளத்துச் சேற்றைப்போலக் கறுத்திருந்தன.

கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். பாகற்பந்தலில் தொங்கிய வலையின் விளிம்பில் மிச்சக் குண்டுகள் இன்னும் இருந்தன. ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து சுளகில் வைத்தாள். வலையில் இருந்தது பெருவிரல் தடிப்பு. டிரம்மில் உருண்டது கண்ணுக்குத் தெரியும்படி அதைவிடச் சின்னது. ஒரே வலை, ஒரே அச்சில் வார்த்த ஈயம். சுவர்க் கலண்டரின் பின்பக்கத்தில் அந்த மினுங்கலை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். பென்சில் கோடுபோலச் சாம்பலாக விழுந்தது.

தேய்ந்தது எங்கே போனது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அள்ளி அதற்குள் போட்டால் ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா சந்தோஷப்படுவாள். பிரணவனை யாரும் நம்பப் போவதில்லை, தானே நேற்று நம்பவில்லை. ஆனால் அவள் கட்டிய பைக்கற்றுகள் பதினாலு வீட்டில் இன்னும் கிடந்தன. அவன் கலந்தான் என்று வழக்கு நடந்தால், எதைக் கலந்தான் என்று தேடியே மாதங்கள் போகும். அதற்குள் யாரோ ஒரு தாய் இன்னொரு வாட்டு வாசலில் நிற்பாள். வழியை அடைக்கிறதுதான் முதல் மருந்து என்று டொக்டர் சொன்னது காதில் கேட்டது. கோடு விழுந்த கலண்டர் தாளைக் கிழித்து, அதோடு சின்னக் குண்டுகளையும் பெரிய குண்டையும் துவாயில் முடிந்துகொண்டு ஓட்டோவில் ஏறினாள். உடுப்புப் பெட்டி கட்டிலிலேயே கிடந்தது.

கந்தோரில் சிவபாக்கியம் முன்கதிரையில் இருந்தாள். பிரணவன் கதிரை கொடுத்தும் இருக்காமல் சுவரோரம் நின்றான். மகளைக் கண்டதும் சிவபாக்கியம், என்ர மோளையே கேளுங்கோ, ஒரே வீட்டில இருந்தவள் எல்லாம் சொல்லுவாள் என்று பரிசோதகரிடம் சொன்னாள்.

சுபத்திரா துவாயை மேசையில் அவிழ்த்தாள். ஒரு குண்டு உருண்டு விளிம்புக்கு ஓட, அமிர்தநாயகம் உள்ளங்கையால் மறித்துப் பிடித்தார்.

"இவர் ஒண்டும் கலக்கேல்லை," என்றாள். "நான்தான்."

"சுபா, வாயை மூடு," என்றாள் தாய். "சேர், இந்தாள் மிரட்டிச் சொல்லிக் குடுத்து விட்டிருக்கு."

சுபத்திரா நிறுத்தவில்லை. கட்டிபட்ட மா, உடைந்த போளை, வெட்டிய வலை, அவித்த தண்ணீர் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பெரிய குண்டைச் சின்னதுக்குப் பக்கத்தில் வைத்தாள். கலண்டர் தாளில் இருந்த கோட்டைக் காட்டினாள். பரிசோதகர் பேனையைக் கீழே வைத்தார், பிறகு திரும்ப எடுத்தார்.

சிவபாக்கியத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது. "உன்ர கையாலயோ? அவன்ர வலைக் குண்டையோ?"

"காலால அம்மா. நாடகம் பாத்துப் பாத்து."

தாய் எழும்பினாள். மகளை அடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை. மருமகனைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றாள். ஜிம் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருந்ததை அந்தக் கந்தோர் வாசலிலும் அவளால் சொல்ல முடியவில்லை. குடையை மறந்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

பிரணவன் மேசைக்குக் கிட்ட வந்தான்.

"என்ர சுவரில நாலு உலோகத்தின்ர பேர் ஒட்டியிருக்கு. முதலாவது பேரை நீ வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான். டின்னுக்குள்ள இருக்கோ எண்டுதான் பாத்தனான். என்ர வீட்டுக்குள்ள இருக்கோ எண்டு பாக்கேல்லை."

"நேற்று என்னை ஒண்டு கேட்டியே. என்னத்தைக் கலந்தனீங்கள் எண்டு."

"கேட்டனான்."

"அதை நான் திருப்பிக் கேக்கட்டோ?"

 அவன் கேட்கவில்லை. அமிர்தநாயகம் நடுவில் புகுந்து, ஜிம் பிரணவனின் பெயரில் இருப்பதால் வழக்கு வந்தால் அவனுக்குத்தான் வரும் என்றார். அவன் தெரியும் என்றான். பைக்கற்றுகள் இன்றைக்கே திரும்பி வர வேண்டும், குடித்தவர்கள் எல்லாரும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, பதினாலு பெயரையும் ஒரு தாளில் எழுதுவித்தார்.

வெளியே அவன் மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கினான். ஏறுவதா விடுவதா என்று தெரியாமல் அவள் நிழலில் நின்றாள்.

"ஏறு. வீடுகள் உனக்குத் தெரியாது."

ஏறினாள். அவனுடைய தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வீடு டிலானுடையது. முருங்கனுக்கு அப்பால், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வரிசையில் கடைசி வீடு. பைக்கற் என்றதும் அவன் உள்ளே போய் றப்பர் பான்ட் போட்டுச் சுற்றியிருந்ததை எடுத்துவந்தான். பாதி தீர்ந்திருந்தது. சுபத்திரா நிலத்தைப் பார்த்தபடி விசயத்தைச் சொன்னாள். 

"நான் அப்பவே சொன்னேன்லக்கா, மாவு சாம்பலா இருக்குன்னு," என்றான் டிலான். "மழை வெளிச்சம்னீங்க. மூணு மாசமா வயித்து வலி எனக்கு. சாராயம் குடிக்கிறேன்னு வீட்டுல தெனம் சண்டை."

பிறகு அவன் பிரணவனிடம் திரும்பினான். "அண்ணே, சுவத்துல அவ்வளவு பேப்பர் ஒட்டி வச்சிருந்தீங்களே. அதெல்லாம் என்னாத்துக்கு?"

அவளை விட்டுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் பிரணவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் ஹெல்மெற்றைக் கழற்றினான்.

"அந்தப் பேப்பர் மூடி திறக்கும்வரைக்கும்தான் தம்பி. திறந்த பிறகு நான் பாத்திருக்க வேணும். நான் பாக்கேல்லை. நாளைக்கு விடிய வான் பிடிச்சுக்கொண்டு வாறன், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

டிலான் பைக்கற்றைச் சுபத்திராவின் கையில் திணித்தான். கதவைச் சாத்தினான், சத்தமாக.

ஒழுங்கை முடிவில் பிரணவன் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த வீட்டில நிலத்தைப் பாத்துக் கதையாதை," என்றான். "ஆக்களின்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவள் மடியில் இருந்த பைக்கற்றின் றப்பர் பான்டை இறுக்கிக்கொண்டு, ஓம் என்றாள்.